எந்த கோச் பெரிய கோச்?

கேள்வி: அண்ணே, மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒட்டன்சத்திரம் லோடு நடுச்சாமத்துக்கு மேலதான் வந்து சேரும். அதுவரைக்கும் எங்களுக்குப் பொழுது போறது செல்போன்ல புரோ கபடி பாத்துத்தான். போன சீசன் முடிஞ்சதுலேருந்து எனக்கும் என் மச்சானுக்கும் மல்லுக்கட்டு. கோச்சுகள்ல யாரு நம்பர் ஒன்னு? "மன்பிரீத் சிங்தான், வேற பேச்சே கிடையாது"ங்கிறான் மச்சான். நான் பி.சி. ரமேஷ்ங்கிறேன். டீக்கடைக்காரரோ, "கோப்பையை எண்ணுங்கடா, அம்புட்டுத்தான்"ங்கிறாரு. லோடுமேன் ஒருத்தர், "ஏலத்துல நல்ல ஆளா எடுத்துக் குடுத்தா நானும் கோச்சுதான்"னு சிரிக்கிறாரு. இதுக்கு நடுவுல, தமிழ் தலைவாசுக்குத் தமிழ்க்காரரைக் கோச்சா போட்டாத்தான் விடிவுன்னு ஒரு கட்சி. நீங்களே ஒரு வரிசை போட்டுக் குடுங்க. இன்னொண்ணு: எங்க ஊர்ல பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்துறோம். வர்ற டீமுகள்ல நல்ல கோச்சுக்கு இந்த வருசம் ஒரு பரிசு குடுக்கலாம்னு யோசனை. எதை வச்சு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது?

— வாசகர், மாட்டுத்தாவணி, மதுரை

பதில்: தம்பி, சுற்றி வளைக்காமல் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். பி.சி. ரமேஷ், மன்பிரீத் சிங், கிருஷன் குமார் ஹூடா, ராம் மெஹர் சிங். இந்த நாலு பேரை இந்த வரிசையில் வைப்பேன். மற்றவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன். உங்கள் மச்சான் பத்திரிகையைச் சுருட்டி எறிவதற்குள் காரணத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அவர் கட்சிக்கும் பலம் இருக்கிறது.

முதலில் டீக்கடைக்காரர் பேச்சை எடுத்துக்கொள்வோம். கோப்பையை எண்ணுவது சுலபமான வேலை. 2014-ல் தொடங்கிய புரோ கபடியில் 2025 வரை பன்னிரண்டு சீசன் முடிந்திருக்கிறது, பன்னிரண்டு கோப்பை கொடுத்திருக்கிறார்கள். அதில் ரமேஷ் தலைமைப் பயிற்சியாளராக வாங்கியது இரண்டு. 2019-ல் பெங்கால் வாரியர்சுக்கு ஒன்று, 2024 மார்ச்சில் முடிந்த பத்தாவது சீசனில் புனேரி பால்டனுக்கு ஒன்று. ஆறாவது சீசனில் பெங்களூரு புல்ஸ் கோப்பை வாங்கியபோது ரந்தீர் சிங் செராவத்துக்குத் துணையாக பெஞ்சில் இருந்தவரும் இவரே. மன்பிரீத் கோச்சாக வாங்கியது ஒன்று, ஹூடா ஒன்று, ராம் மெஹர் ஒன்று. டீக்கடைக்காரர் கணக்குப்படி விஷயம் இத்தோடு முடிந்தது. கல்லாவை மூடிவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் அந்தக் கணக்கைத் தமிழ் தலைவாஸ் மேல் வைத்துப் பாருங்கள். முதல் சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்சுக்குக் கோப்பை வாங்கித் தந்த காசிநாதன் பாஸ்கரன் 2017-ல் தலைவாஸின் முதல் கோச். இரண்டாவது சீசனில் யு மும்பாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த எடச்சேரி பாஸ்கரன் அடுத்த ஆண்டு வந்தார். 2023-க்கான துரோணாச்சார்யா விருது பெற்ற மனிதர் அவர், சாதாரண ஆள் இல்லை. ஒன்பதாவது சீசனில் ஜெய்ப்பூருக்கு இரண்டாவது கோப்பை வாங்கித் தந்த சஞ்சீவ் பலியான் 2025-ல் வந்தார். கையில் கோப்பையோடு வந்த இந்த மூன்று பேரில் ஒருவராலும் தலைவாஸை பிளே-ஆஃபுக்குள் கொண்டுபோக முடியவில்லை. கொண்டுபோனவர் ஆஷன் குமார். புரோ கபடியில் கோச்சாக ஒரு கோப்பையும் வாங்காதவர். அதுவும் 2022 சீசன் தொடங்கிச் சில ஆட்டங்கள் ஆன பிறகு, ஜே. உதயகுமாரிடமிருந்து பாதி வழியில் பொறுப்பை வாங்கியவர்.

அந்த சீசன் எப்படித் தொடங்கியது என்று ஞாபகம் இருக்கும். 2.26 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு அந்த சீசனில் அவர் மேட்டுக்கு வரவே இல்லை. நரேந்தர், அஜிங்க்ய பவார், சாகர், சாஹில் குலியா என்று சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எலிமினேட்டரில் யு.பி. யோதாவை 36-36 என்று இழுத்துப் பிடித்து, டைபிரேக்கரில் 6-4 என்று முடித்தார்கள். அரையிறுதியில் புனேரியிடம் 39-37 என்று இரண்டே பாயின்ட்டில் போனது. தலைவாஸ் ரசிகனுக்கு இந்த எட்டு சீசனில் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இருக்கும் ஒரே சீசன் அதுதான்.

உடனே ஆஷன் குமாரை வரிசையில் மேலே ஏற்றிவிடாதீர்கள். அடுத்த சீசனிலும் அவரே கோச், ஆட்களும் பெரும்பாலும் அவர்களே, பவனும் இல்லை. அணி ஒன்பதாவது இடத்தில் நின்றது. ஒரு சீசனை மட்டும் வைத்து ஒரு கோச்சைத் தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குறைந்தது மூன்று சீசன், முடிந்தால் இரண்டு வெவ்வேறு அணி. அதற்குக் குறைந்தவரை என் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இப்போது லோடுமேன் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கூட்டத்தில் விஷயம் தெரிந்து பேசுபவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது. நல்ல ஆளைக் கொடுத்தால் யாரும் ஜெயிக்கலாமா? ஈரான்காரர் முகமதுரெசா ஷாட்லூயியைப் பாருங்கள். பத்தாவது சீசன் ஏலத்தில் புனேரி அவரை 2.35 கோடிக்கு எடுத்தது, கோப்பை வாங்கியது. பதினோராவது சீசனில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு எடுத்தது, கோப்பை வாங்கியது. அப்படியானால் கோப்பை வாங்கியது ரமேஷா, மன்பிரீத்தா, ஷாட்லூயியா? பன்னிரண்டாவது சீசனில் குஜராத் 2.23 கோடி கொடுத்து அவரை எடுத்தது. பிளே-ஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அர்ஜுன் தேஷ்வால் கதையும் அப்படித்தான். சஞ்சீவ் பலியானும் தேஷ்வாலும் சேர்ந்து ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிய ஜோடி. அந்த சீசனில் ரெய்டு பாயின்ட்டில் முதல் இடம் தேஷ்வாலுக்கு. அதே ஜோடி 2025-ல் தலைவாஸில் சேர்ந்தது. கூடவே பவன் செராவத்தும் திரும்பி வந்து, சீசன் நடுவில் அணியை விட்டுப் போனார். ஆளும் சரி, கோச்சும் சரி, இரண்டும் கைவசம் இருந்தும் காரியம் நடக்கவில்லை.

கோச்சையும் ஆட்டக்காரரையும் பிரித்து எடைபோட நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல சந்தர்ப்பம் பாட்னா. ஐந்தாவது சீசனில், 2017-ல், பர்தீப் நர்வால் ஒருவரே 369 ரெய்டு பாயின்ட் எடுத்தார். சென்னையில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாட்னா 55-38 என்று குஜராத்தை நசுக்கியது. கோச் ராம் மெஹர் சிங். "பர்தீப் இருந்தா யாரு வேணும்னாலும் ஜெயிப்பாங்க" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எட்டாவது சீசனுக்கு முன் பர்தீபை யு.பி. யோதா 1.65 கோடிக்குக் கொண்டுபோய்விட்டது. பாட்னாவில் பர்தீப் அளவுக்குப் பெயர் எடுத்தவர் எவரும் இல்லை. ராம் மெஹர் என்ன செய்தார்? ஒரே ரெய்டரை நம்பாமல் நாலைந்து பேரை மாற்றி மாற்றி அனுப்பினார், பிடிக்கிற வரிசையைக் கட்டினார், மேலே சொன்ன ஷாட்லூயியை முதல்முறையாக இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தினார். அணி லீக் பட்டியலில் முதலிடம் பிடித்து இறுதிக்குப் போய், 37-36 என்று ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றது. எனக்கு ராம் மெஹரின் பெருமை அவர் வாங்கிய கோப்பையைவிட வாங்காமல் போன இந்தக் கோப்பையில் அதிகம் தெரிகிறது. பின்னால் குஜராத்தில் மூன்று சீசன் இருந்து பெரிதாக எதுவும் சாதிக்காததால்தான் அவரை நாலாவது இடத்தில் வைத்தேன்.

அந்த இறுதி ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் கிருஷன் குமார் ஹூடா. தபாங் டெல்லிக்காக அவர் எடுத்த தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்து அப்போது சிரிக்காதவர்கள் குறைவு. ஜோகிந்தர் நர்வால், மஞ்சீத் சில்லர், சந்தீப் நர்வால், நம்ம தமிழ்நாட்டு ஜீவா குமார் எல்லாருமே கபடியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். "முதியோர் இல்லம்" என்று கேலி பேசினார்கள். நடு சீசனில் நவீன் குமார் முழங்கால் அடிபட்டுச் சில ஆட்டங்களுக்கு உட்கார்ந்தார். அந்த இடைவெளியில் விஜய் மாலிக்கை வளர்த்தெடுத்தார் ஹூடா. இறுதி ஆட்டத்தில் நவீன் எடுத்தது 13, விஜய் எடுத்தது 14. அந்த ஒரு பாயின்ட் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அதுதானே உங்கள் தொழில்.

ஹூடா அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் அவருக்கு என் மூன்றாவது இடத்தை வாங்கித் தந்தது. தெலுகு டைட்டன்ஸ் மூன்று சீசன் தொடர்ந்து கடைசியில் கிடந்த அணி. பத்தாவது சீசனில் 22 ஆட்டத்தில் இரண்டு வெற்றி. ஹூடா வந்த அடுத்த சீசனிலேயே 12 வெற்றி. பன்னிரண்டாவது சீசனில் பிளே-ஆஃப், இறுதிக்கு ஒரு படி கீழே வரை. இதை அவர் பிள்ளைகளுக்கு அடிப்படை சொல்லிக்கொடுத்து, ஆட்டத்தை நிதானப்படுத்திச் செய்தார்.

இங்கே கொஞ்சம் நின்று, கபடி கோச் என்னதான் செய்கிறார் என்று பார்க்கலாம். நாற்பது நிமிட ஆட்டம். முதல் பாதியில் யாரும் கோச்சைக் கவனிக்க வேண்டியதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். நாலு பாயின்ட் முன்னால் இருக்கிறீர்கள், மேட்டில் உங்கள் ஆள் மூன்று பேர். எதிரணி ரெய்டர் வருகிறார். பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயின்ட். தவறினால் ஆல் அவுட் வாசலில் நிற்பீர்கள், இரண்டு பாயின்ட் கூடுதலாகப் போகும். பாயச் சொல்வதா, கோட்டை ஒட்டிப் பின்வாங்கி அவரை வெறுங்கையோடு அனுப்புவதா? இரண்டு ரெய்டு வெறுங்கையோடு போனால் மூன்றாவது டூ-ஆர்-டை. அது யார் தலையில் விழப்போகிறது என்று மூன்று ரெய்டுக்கு முன்னாலேயே எண்ணி வைத்திருப்பவர்தான் கோச். டூ-ஆர்-டைக்கென்றே ஒரு ஆளை உட்கார வைத்திருந்து சரியான நிமிடத்தில் இறக்குவது, ரெவ்யூவை முப்பத்தைந்தாவது நிமிடம் வரை கையில் பொத்தி வைப்பது, ஜெயிக்கிற ஆட்டத்தில் முப்பது வினாடியையும் முழுசாகத் தின்றுவிட்டுத் திரும்பச் சொல்வது. கோடு கிட்டே வந்து கத்துவதைவிட இந்த எண்ணிக்கைதான் பாயின்ட்டாக மாறும்.

கத்துவது என்றதும் மன்பிரீத் ஞாபகம் வருவது இயற்கை. டைம்-அவுட்டில் மைக்கைக் கிட்டே கொண்டுபோகிறார்கள் அல்லவா, அவர் பேச்சைக் கேட்கவே டிவி முன்னால் உட்காருகிறவர்கள் உண்டு. பையன் ஒருவன் தப்பாகப் பாய்ந்துவிட்டு வந்தால் முதுகில் ஒரு தட்டு, காதுக்குள் ஒரு திட்டு, அடுத்த நிமிடம் கட்டிப்பிடி. இந்தி தெரியாதவனுக்கும் அது புரியும். ஆனால் அந்தக் கூச்சலைப் பார்த்துவிட்டு அவரை வெறும் உணர்ச்சிக்காரர் என்று எடைபோட்டுவிடக் கூடாது. 2017-ல் புத்தம்புது அணியான குஜராத்தை முதல் சீசனிலேயே இறுதிக்குக் கொண்டுபோனார். சுனில் குமார், பர்வேஷ் பைன்ஸ்வால் என்ற கவர் ஜோடி அவர் கையில்தான் பேர் வாங்கியது. மறு சீசனிலும் இறுதி. ஹரியானாவுக்குப் போய் ஜெய்தீப், மோஹித் நந்தல், ராகுல் சேத்பால் என்று இளம் தடுப்பு வரிசையைக் கட்டி, பத்தாவது சீசனில் இறுதி, பதினோராவதில் 32-23 என்று பாட்னாவை வென்று கோப்பை. இரண்டு அணி, நாலு இறுதி. கபடியில் பிடிக்கிற ஆட்களை ஏலத்தில் வாங்குவதைவிட வளர்ப்பது கஷ்டம், ஏனென்றால் ரெய்டர் தனியாகப் போகிறான், கார்னரும் கவரும் ஒருத்தன் மூச்சை ஒருத்தன் அறிந்து பாய வேண்டும். அந்த வேலையில் மன்பிரீத்தை மிஞ்சி நான் இன்னும் ஒருவரைப் பார்க்கவில்லை. மூன்றாவது சீசனில் பாட்னாவின் கேப்டனாகவும் அவர் கோப்பையைத் தொட்டிருக்கிறார்.

பிறகு ஏன் இரண்டாவது இடம்? மன்பிரீத் தோற்ற மூன்று இறுதிகளையும் திரும்பப் பாருங்கள். 2017-ல் ராம் மெஹரின் பாட்னாவிடம். 2019 ஜனவரியில் மும்பையில் பெங்களூரு புல்சிடம் 38-33. அன்று பவன் செராவத் தனியாக 22 பாயின்ட் எடுத்தார், எதிர் பெஞ்சில் துணை கோச்சாக ரமேஷ். 2024 மார்ச் 1-ல் ஹைதராபாத்தில் புனேரியிடம் 28-25. இம்முறை எதிர் பெஞ்சில் தலைமை கோச்சாகவே ரமேஷ். அந்தக் கடைசி ஆட்டம் உங்கள் சண்டைக்கு நேரடித் தீர்ப்பு மாதிரி. இரண்டு பக்கமும் பிடி பலமானது, பாயின்ட் குறைந்த ஆட்டம். ஹரியானாவின் தடுப்பு வரிசை புனேரியின் பேர்போன ரெய்டர்களைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தது. அவர்கள் நடுவில் பங்கஜ் மோஹிதே புகுந்து ஒரே ரெய்டில் நாலு பாயின்ட் எடுத்துக்கொண்டு போனார். மொத்தம் ஒன்பது எடுத்த அவர்தான் அன்றைக்கு ஆட்டத்தை வென்றது. யார் மேல் கண் இருக்காதோ அவரைக் கடைசிவரை சூடாக வைத்திருப்பது ரமேஷின் பழக்கம்.

ரமேஷுக்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு, அதை உங்கள் மச்சான் சொல்லாமல் விடமாட்டார். ஷாட்லூயி போன அடுத்த சீசனில் புனேரி எட்டாவது இடத்துக்கு விழுந்தது. உண்மை. கேப்டன் அஸ்லம் இனாம்தார் காயத்தால் பாதியில் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெங்கால் வாரியர்சும் கோப்பைக்கு அடுத்த சீசனில் ஒன்பதாவது. ரமேஷின் அணிகள் உச்சிக்குப் போன வேகத்தில் இறங்கியிருக்கின்றன. மன்பிரீத் தொடர்ந்து இரண்டு இரண்டு இறுதியாகப் போயிருக்கிறார். நிலையாக நிற்பதுதான் அளவுகோல் என்றால் மச்சான் ஜெயித்துவிட்டார்.

அந்தத் தராசை 2025 சாய்த்துவிட்டது என்பது என் கணிப்பு. பெங்களூரு புல்ஸ் முதல் சீசனிலிருந்து பதினோரு சீசன் ஒரே கோச்சோடு இருந்த அணி. ரந்தீர் சிங் செராவத் அளவுக்கு நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்தவர் வேறு யாரும் இல்லை. பவன் செராவத்தை ஆளாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மரியாதை என்றும் அவருக்குச் சேரும். ஆனால் 2024-ல் புல்ஸ் 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றியோடு பட்டியலின் அடியில் கிடந்தது. ரந்தீர் போனார், ரமேஷ் வந்தார். பெரிய பெயர் எதுவும் இல்லாத, யாரும் பொருட்படுத்தாத அணி அது. சீசன் முடிவில் லீக்கில் மூன்றாவது இடம். பெங்கால், புனே, பெங்களூரு என்று மூன்று அணி, மூன்று விதமான ஆட்கள், மூன்றிலும் வேலை நடந்திருக்கிறது. அதனால் ரமேஷ்.

பன்னிரண்டாவது சீசனில் டெல்லிக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த ஜோகிந்தர் நர்வாலை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஹூடாவின் அந்த "முதியோர் இல்ல"த்தில் ஆடிக் கோப்பையைத் தொட்டவர், அதே அணிக்கு இப்போது கோச்சாகவும் தொட்டுவிட்டார். நல்ல ஆரம்பம். இன்னும் இரண்டு சீசன் போகட்டும்.

கோச்சுகளை வரிசை போடும் சண்டை நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்று ஒரு தனி உலகம் இருக்கிறது தம்பி. கையால் பந்தை எறிந்து, முட்டி மோதி ஆடும் ஆட்டம். அங்கே அணிகளை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சீசன் தொடங்குமுன்னும் அந்த வட்டாரத்துக் கோச்சுகளை ஒன்று முதல் கடைசிவரை வரிசைப்படுத்தி, ஊர் ஊராக அடித்துக்கொள்வார்கள். அலபாமாவில் இருந்த நிக் சேபன் லூசியானாவில் வாங்கியதையும் சேர்த்து ஏழு தேசியப் பட்டம் வாங்கிவிட்டு 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அவர் இருந்தவரை முதலிடம் யாருக்கு என்ற சண்டையே இல்லை, இரண்டாவது இடத்துக்குத்தான் சண்டை. ஆனால் அங்கே கோச்சே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பையனின் அப்பா அம்மாவோடு பேசி ஆளைச் சேர்க்கிறார். நல்ல ஆள் இருந்தால் அதுவும் கோச்சின் கெட்டிக்காரத்தனம்தான். புரோ கபடியில் ஏலம் இருக்கிறது, முதலாளி இருக்கிறார், பணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, போன சீசனில் யாரைத் தக்கவைத்தார்கள் என்பது இருக்கிறது. ஏல மேசையில் கோச் உட்கார்ந்திருந்தாலும் அவர் சொன்ன ஆள்தான் கிடைத்தார் என்று சொல்ல முடியாது. அதனால் இங்கே கோப்பையை எண்ணுவது அங்கேயைவிட இன்னும் மோசமான அளவுகோல்.

நீங்கள் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஐந்தாவது சீசன் முதல் பதினோராவது சீசன் வரை ஒரு அணிக்கு 22 லீக் ஆட்டம், வெற்றிக்கு ஐந்து புள்ளி, ஏழு பாயின்ட்டுக்குள் தோற்றால் ஒரு ஆறுதல் புள்ளி. பன்னிரண்டாவது சீசனில் 18 ஆட்டம், வெற்றிக்கு இரண்டு, தோற்றால் ஒன்றுமில்லை, டை என்ற பேச்சே கிடையாது. பழைய புள்ளியையும் புதுப் புள்ளியையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டாதீர்கள். வெற்றி விகிதத்தை மட்டும் எடுங்கள்.

அடுத்து, தமிழ்க்காரர் கோச் ஆனால் விடிவு வருமா என்ற கட்சி. மேலே சொன்ன காசிநாதன் பாஸ்கரன் தமிழர்தான். 2024-ல் உதயகுமாரோடு சேர்ந்து பொறுப்பேற்ற தர்மராஜ் சேரலாதனும் நம்ம ஊர்க்காரர். நாலாவது சீசனில் பாட்னாவுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கியவர், நாற்பது வயதைத் தாண்டியும் கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தவர். அந்த சீசனிலும் தலைவாஸ் ஒன்பதாவது இடம்தான். அதனால் தமிழ்க்காரர் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சேரலாதனுக்குக் கிடைத்தது ஒரு சீசன். ரந்தீருக்குப் பெங்களூரு கொடுத்தது பதினொன்று. 2017 முதல் 2025 வரையிலான எட்டு சீசனில் தலைவாஸ் பெஞ்சில் உட்கார்ந்த தலைகளை எண்ணினாலே நோய் எங்கே என்று தெரியும். 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்களை 27-24 என்று இறுதியில் தோற்கடித்த ஈரான் அணியின் கோச் யார் தெரியுமா? நாசிக்கைச் சேர்ந்த சைலஜா ஜெயின். நம் நாட்டுக்காரர், ஈரான் பெண்களோடு பாஷை தெரியாமல் போய் உட்கார்ந்து தங்கம் வாங்கிக் கொடுத்தார். கோச்சுக்கு ஊர் முக்கியம் இல்லை. ஆனால் வடுவூரிலும் கண்ணகி நகரிலும் பையன்களும் பிள்ளைகளும் ஆடுகிற ஆட்டத்தைப் போய்ப் பார்க்கிற பழக்கம் அந்தக் கோச்சுக்கு இருக்க வேண்டும். 2025-ல் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய அபினேஷும் கார்த்திகாவும் அங்கிருந்துதான் வந்தார்கள். அவர்களைக் கண்டுபிடித்த கோச்சுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை. டிவியில் வராததால் எனக்கு எடைபோட வழியில்லாமல் போனது.

உங்கள் பொங்கல் போட்டிக்கு வருகிறேன். மேலூர்ப் பக்கமும் ஒத்தக்கடைப் பக்கமும் இந்த மாதிரிப் போட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கோப்பை வாங்கிய டீம் கோச்சுக்கே பரிசையும் கொடுத்துவிடாதீர்கள். அங்கேயும் ஏலம் உண்டு, பேர்தான் வேறு. முதல் பரிசுப் பணத்தைப் பார்த்து வெளியூரிலிருந்து இரண்டு கெஸ்ட் பிளேயரை வண்டி வாடகை கொடுத்து இறக்கியிருப்பார்கள். அந்த இரண்டு பேரே எல்லா ரெய்டும் போவார்கள், ஊர்ப் பையன்கள் மீதி ஐந்து இடத்தை நிரப்பிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கோச்சுக்குப் பரிசு எதற்கு? டிராவல்ஸ்காரருக்குக் கொடுக்கலாம்.

விளக்கு வெளிச்சத்தில் பூச்சி பறக்க ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கும் காலிறுதியைப் பாருங்கள். யார் ஏழு பேரையும் சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்? அடிபட்ட பையனை "ஒண்ணும் இல்லடா, போ" என்று திரும்பத் தள்ளாமல் உட்கார வைத்து, சப்ஸ்டிடியூட்டை இறக்கியது யார்? நடுவர் தப்பாக ஒரு பாயின்ட் கொடுத்ததும் டீமைக் கூட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போகாமல் அடுத்த ரெய்டுக்கு ஆள் அனுப்பியது யார்? போன வருடம் முதல் சுற்றில் தோற்ற அதே பையன்களோடு இந்த வருடம் அரையிறுதி வரை வந்தது யார்? கமிட்டியில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து ஒரே ஒரு பெயரை எழுதச் சொல்லுங்கள். கமிட்டித் தலைவரின் சொந்தக்கார டீமுக்கு அவர் ஓட்டுப் போடக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பஞ்சாயத்து வரும்.

பரிசு ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். இரண்டாவது யார், மூன்றாவது யார் என்ற முழு வரிசையையும் மைக்கில் வாசித்துவிடாதீர்கள் தம்பி. கடைசியில் வந்த டீம் அடுத்த பொங்கலுக்கு நுழைவுக் கட்டணம் கட்டாது, போகிற வழியில் பக்கத்து ஊர் டீமையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.